நிறமான பிள்ளை

ஐரோப்பா சிறுவர்களுக்காகத் திரைப்படம் எடுக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அந்தப் படங்களில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லை என்ற உண்மையை உலகம் கவனிக்கவில்லை. விமர்சகர்கள் கவனிக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் கவனிக்கவில்லை. படம் எடுத்தவர்களே கவனிக்கவில்லை. அதைக் கவனித்த பெருமை, தொண்ணூற்று நான்காம் ஆண்டுப் பனிக்காலத்தில், கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில், ஒரு வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்றுக்கே உரியது. அந்த பேஸ்மென்றின் உரிமையாளரும், 'தமிழ்ச் சிறுவர் திரைப் பிரதிநிதித்துவப் பேரவை'யின் செயலாளருமாகிய அருள்நாயகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போவோம்.

அருள்நாயகம் லேசுப்பட்ட ஆள் அல்லர். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆங்கிலத்தில் ஒரு சொல் போனால் தமிழில் ஒரு சொல் வரவேண்டும், வழியில் ஒன்றும் சிந்தக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கனடா வந்த பிறகு ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குப் பிடி பூட்டிக்கொண்டிருந்தார். கார்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. திறமை உள்ளே கிடந்து புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேரவை பிறந்தது.

பிறந்த விதம் இதுதான். அயலில் இருந்த நூலகத்தில் சனிக்கிழமைக் காலைகளில் பழைய ஐரோப்பியச் சிறுவர் படங்களைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டுக் காட்டினார்கள். காப்புறுதி முகவரான ஸ்ரீஸ்கந்தராசா, தன் மகள் நிலாணியை முன்வரிசையில் இருத்திவிட்டுப் பின்வரிசையில் ஒரு குட்டி நித்திரை கொள்ளும் நோக்கத்தோடு அங்கே போனார். பாதிப் படத்தில் திடுக்கிட்டு எழும்பினார். திரையில் பனி. பனிக்குள்ளே பிள்ளைகள். ஒரு பிள்ளைக்காவது அவருடைய சாயல் இல்லை. அன்று பின்னேரமே அருள்நாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"முழுப் படமும் பாத்திட்டன், அருள்நாயகம். ஒருத்தர் எங்கடை ஆள் இல்லை!"

"எந்த நாட்டுப் படம், அண்ணை?"

"அங்காலை எங்கேயோ, மலையும் பனியுமா ஒரு நாடு. ஐம்பத்தேழாம் ஆண்டு எடுத்ததாம்."

"அந்த நேரம் அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் போகேல்லையே, அண்ணை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஏன் கூப்பிடேல்லை?"

இந்தக் கேள்விக்கு ஐரோப்பா இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆகவே பேரவை அமைக்கப்பட்டது. தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. செயலாளர் அருள்நாயகம். பொருளாளர், பலசரக்குக் கடை வைத்திருந்த அன்புராசா. கூட்டங்களுக்கு வடை கொண்டுவரும் பொறுப்பும் அவருக்கே. மகளிருக்கும் கத்தோலிக்கருக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதால், இரண்டுக்கும் சேர்த்து மன்னாரைச் சேர்ந்த எமில்டா ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். தேநீர் அவர் கையால் நன்றாக இருக்கும் என்பது மேலதிகத் தகுதி.

முதற் பணியாக, மேற்படி படத்தின் வீடியோக் கசற்றை நூலகத்தில் இரவல் வாங்கி பேஸ்மென்றில் 'ஆய்வுக்கு' உட்படுத்தினார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்று உறையில் போட்டிருந்தது. உறை பாதிப் பொய் சொன்னது. மலைக் கிராமம் ஒன்றின் தேவாலய மணி ஊமையாகிவிடுகிறது. அதன் நாக்கை யாரோ கழற்றிவிட்டார்கள். குளிர்காலத் திருநாளில் மூன்று பிள்ளைகள், குழந்தை யேசுவைத் தேடிவந்த மூன்று ராசாக்களாக வேடம் போட்டு, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய் அந்த நாக்கைத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு சின்னப் பெண். அவள் பனிப்புயலில் வழி தவறிவிடுகிறாள். கடைசியில் மணி அடிக்கிறது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் கதையைப் பார்க்கவா பேரவை கூடியது?

"அந்தக் காகம் கறுப்புத்தானே?" என்று அன்புராசா முதல் ஐயத்தைக் கிளப்பினார்.

"காகத்துக்கு வசனம் இருக்கோ?" என்றார் தலைவர்.

"இல்லை. ஒருக்காப் பறக்குது."

"கறுப்பெண்டால் வசனம் இல்லை. பாத்தீரோ அவங்கடை புத்தியை? எழுதும், அருள்நாயகம்."

அருள்நாயகம் எழுதினார். அடுத்ததாக மூன்றாவது ராசா வந்தான். நல்ல வெள்ளைப் பெடியன் ஒருவனுக்கு முகம் முழுக்கக் கரி பூசி, தலையில் துவாய் சுற்றி, கிழக்குத் தேசத்து ராசா ஆக்கியிருந்தார்கள். பேஸ்மென்றே கொதித்தது. தலைவர் கதிரையை விட்டு எழும்பியேவிட்டார்.

"உண்மையான ஒரு கறுப்புப் பிள்ளையைப் படத்திலை போட மனமில்லாமல், கரியைப் பூசி ஆளை ஏமாத்துறாங்கள்! இதை விடேலாது!"

எமில்டா தேநீர்த் தட்டோடு நின்றபடி சொன்னார்: "எங்கடை பள்ளிக்கூடத்து நத்தார் நாடகத்திலையும் மூண்டாம் ராசாவுக்குக் கரிதான், அண்ணை. அந்தப் பெடியன் ஏற்கெனவே கறுப்பு. எண்டாலும் பூசினவை. சிறகு கட்டின சம்மனசுக்கு, அதுதான் தேவதூதருக்கு, மட்டும் நிறமான பிள்ளையளா எடுப்பினம். நான் எல்லா வருசமும் ஆடு."

"ஊர்க் கதை இப்ப என்னத்துக்கு?" என்றார் தலைவர். அது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. மகளிர் பிரதிநிதித்துவம் தேநீரோடு தொடர்ந்தது.

இத்தனை ஆய்வும் நடக்கும்போது, அருள்நாயகத்தின் மகள் அட்சயா பேஸ்மென்றுப் படியில் குந்தியிருந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிறவள். நூலகத்தில் ஒருதரம் பார்த்தாள், கசற்றில் நாளும் பொழுதும் பார்த்தாள். அவளுக்குப் பேரவையின் கூர்மையான பார்வை வாய்க்கவில்லை. எத்தனை பேர் வெள்ளை, காகத்துக்கு வசனம் உண்டா என்றெல்லாம் எண்ணத் தெரியாத பேதை. பனிப்புயல் வரும்போது தலையணையால் முகத்தை மூடிக்கொள்வாள். மணி அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அழுவாள். படத்து வசனம் அத்தனையும் அவளுக்குப் பாடம்.

பேரவையின் கண்டனம் நூலகத்துக்குப் போனது. நூலக அதிகாரி மிஸ் லோரெய்ன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். கனடாவில் மன்னிப்புக் கேட்பதற்குக் குற்றம் செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேஸ்மென்றில் வடை சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கி, அதைப் பேரவை மனவருத்தமாக எடுத்துக்கொள்ள, அவர் தன் திட்டத்தை விளக்கினார். அருள்நாயகம் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழாக்கினார். அந்த அரைமணி நேரம் அவர் கார்க் கதவுகளை மறந்திருந்தார்.

"பழைய படத்தைத் திருத்த முடியாது எண்டு சொல்லுறா. ஆனால் ஏப்ரலிலை பெரிய மண்டபத்திலை அதே படத்தைப் போடுவினமாம். படம் துவங்க முன்னம் எங்கடை பிள்ளை ஒண்டு மேடையிலை ஏறி, கதையை ரெண்டு பாசையிலையும் அறிமுகம் செய்ய வேணுமாம்."

மிஸ் லோரெய்ன் இன்னொரு வரி சொன்னார். 'கலர்' என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. அருள்நாயகம் ஒரு கணம் கண்ணை மூடி, சொல்லுக்குச் சொல் நிறுத்து, சிந்தாமல் சிதறாமல் தமிழில் இறக்கினார்:

"நிறமான பிள்ளையா இருந்தால் தனக்குப் பெரிய சந்தோசமாம்."

பேரவையின் முகங்கள் மலர்ந்தன. இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் தமிழில் 'நிறம்' என்றால் எல்லா நிறமும் அல்ல, ஒரேயொரு நிறம்தான். 'பொம்பிளை நல்ல நிறம்' என்று கலியாணத் தரகர் சொன்னால் என்ன நிறம் என்று எவரும் கேட்பதில்லை. அதற்குக் கீழே 'பொது நிறம்' என்று ஒன்று உண்டு. அதற்கும் கீழே போனால் நிறம் 'குறைவு'. அதற்கும் கீழே பேச்சில்லை, சீதனம்தான்.

"பாத்தீரே," என்று தலைவர் அன்புராசாவின் காதில் சொன்னார், "வெள்ளைக்காரருக்கும் எங்கடை ரசனைதான்."

தேர்வு மறுவாரமே நடந்தது. நீதி நேர்மையில் பேரவைக்கு இருந்த பிடிப்பைக் காட்ட, தலைவரின் மகள் உட்பட எவரும் பங்குபற்றலாம் என்று அறிவிக்கப்பட்டது. தலைவரின் மகளும் அட்சயாவும் வந்தார்கள்.

நிலாணி முதலில் வாசித்தாள். மருந்துப் போத்தலின் பின்பக்கத்தை வாசிப்பதுபோல் வாசித்தாள். அவளுக்கு இதில் துளி விருப்பமும் இல்லை. வெளியே தெருவில் பெடியன்கள் ஹொக்கி விளையாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யன்னலைப் பார்த்தாள். 'மழை' என்ற சொல்லை மூன்று விதமாக உச்சரித்தாள். மூன்றிலும் ழகரம் இல்லை.

அட்சயா தாளை மேசையில் வைத்துவிட்டாள். ஒரு சின்னப் பெண் பனிக்குள் தனியே நிற்கிறாள், எந்தப் பக்கம் வீடு என்று அவளுக்குத் தெரியாது என்று தொடங்கினாள். தமிழில் சொன்னாள், அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். எமில்டா மூக்கை உறிஞ்சினார். அன்புராசா வடையைக் கடிக்க வாயைத் திறந்தவர் திறந்தபடி இருந்தார். அருள்நாயகத்துக்கு நெஞ்சு விம்மியது. தன் பிள்ளை இத்தனை கெட்டிக்காரி என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

தலைவர் கனைத்தார்.

"பிள்ளை வடிவாத்தான் சொல்லுறா. அதிலை மறுபேச்சில்லை. ஆனால், அருள்நாயகம், குறை நினைக்காதையும்... நிறம் காணாது."

தலைவர் கையை விரித்தார்.

"நானா கேட்டனான்? லைப்ரரி கேக்குது. நீர்தானே மொழிபெயர்த்தனீர்."

அவர்தான் மொழிபெயர்த்தார். ஆகவே அவர்தான் குறிப்பும் எழுதினார்: 'செல்வி அட்சயா, நிறம் போதாமை காரணமாக, தெரிவு செய்யப்படவில்லை.' செயலாளர் என்ற முறையில் எழுதினார். தகப்பன் என்ற முறையில் பேனையைத் தாள் கிழியும்வரை அழுத்தினார். இரண்டு பதவிகளையும் ஒரே நேரத்தில் வகிப்பவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

மேலே குசினியில் மனைவி யோகமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னைப் பொம்பிளை பாக்க வந்த நேரம் உங்கடை அம்மா சொன்ன அதே சொல். கடல் தாண்டி வந்தும் அது பின்னாலை வந்திட்டுது, என்ன?"

"நானில்லை, யோகம். கனடாக்காரர் கேக்கினம்."

அட்சயா குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து நின்றாள். "அப்பா, நான் எங்கை மிஸ்ரேக் விட்டன்?"

"நீ ஒரு பிழையும் விடேல்லை, பிள்ளை. அவையள் நிறமான பிள்ளை கேக்கினம்."

"வட் கலர்?"

ஆங்கிலமும் தமிழும் கரைத்துக் குடித்தவருக்கு இதற்கு இரண்டு பாசையிலும் சொல் வரவில்லை. அட்சயா அன்று படம் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. கசற் ரீவிக்கு மேலே சும்மா கிடந்தது. அதைக் கண்டபோதெல்லாம் அருள்நாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பொறுப்புள்ள பதவியில் இருப்பவர்களுக்கு இப்படியும் நேர்வது வழக்கம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

உண்மை அவரைத் தேடி ஒஷாவாவுக்கு வந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் தொழிற்சங்கம் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. நிறமான தொழிலாளர்களுக்கு ஒரு விசேட கூட்டமாம். அவருக்குப் பக்கத்தில் நின்று கதவு பூட்டும் யமேக்காக்காரர் டெஸ்மண்ட், "வியாழக்கிழமை வாறாய்தானே?" என்று கேட்டார்.

அருள்நாயகம் அடக்கத்தோடு சொன்னார்: "இல்லை. எனக்கு அவ்வளவு நிறம் கிடையாது."

டெஸ்மண்ட் அவருடைய முகத்தைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புத் தாங்காமல் கதிரையில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார்: "அது உன்னையும் என்னையும்தான் சொல்லுறது. வெள்ளை இல்லாத எல்லாரையும். உனக்கு நிறமில்லையெண்டால் இந்த நாட்டிலை வேறை ஆருக்கு இருக்கு?"

அன்று பின்னேரம் அருள்நாயகம் ஒரு காருக்கு இடப்பக்கப் பிடியை வலப்பக்கத்தில் பூட்டினார். வாழ்நாளில் ஒரு சொல்லைச் சிந்தாத மனிதர், ஒரு சொல்லையே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோசம் குதித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மிஸ் லோரெய்ன் கேட்டது அட்சயாவைத்தான்! அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே தலைவர் வீட்டுக்குப் போனார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவருடைய முகம் மாறியது.

"அப்ப, வெள்ளைக்காரர் அல்லாத எல்லாரும் அந்த 'நிறம்' எண்டு சொல்லுறீர்?"

"ஓம், அண்ணை."

"என்னையும் சேத்தோ?"

"உங்களையும்தான், அண்ணை."

"என்ர அம்மாவை நீர் பாத்திருக்கிறீரோ? எலுமிச்சம்பழ நிறம்! சூரியன் படாமல் வளர்ந்த மனுசி! என்னைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்திலை சேக்கிறீரோ?"

"நானில்லை, அண்ணை. இங்கிலீசு சேக்குது."

"அப்ப இங்கிலீசிலைதான் பிழை. அவையளைத் திருத்தச் சொல்லும். பேரவை ஏகமனதா எடுத்த தீர்மானத்தை மாத்தேலாது. நிலாணிக்குப் பிறாக்குச் சட்டையும் தைச்சாச்சு." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அதோடை யோசிச்சுப் பாரும். மொழிபெயர்ப்புப் பிழையெண்டு வெளியிலை தெரிஞ்சால் ஆற்றை பேர் நாறும்?"

அருள்நாயகம் யோசித்துப் பார்த்தார். ஒஷாவாவில் அவர் ஒரு பிடி பூட்டி. ஸ்காபரோவில் ஒரு பேரவையின் செயலாளர். கடைகளில் அவரைக் கண்டால் 'மொழிபெயர்ப்பாளர் ஐயா' என்கிறார்கள். வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் சோற்றைத் தின்றார். பிரதிநிதித்துவம் என்னும் மாபெரும் இலட்சியத்துக்காகச் சொந்தப் பிள்ளையின் ஆசையைக்கூட விழுங்கிய அவருடைய தியாகத்தை வரலாறு எழுதும். யோகமலர் எழுதமாட்டாள், அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்தது. அடுத்த நகரமான பிக்கரிங்கில் இருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவென்று பின்பக்கக் குசினியில் சுடச்சுடச் சொக்கிலேற் பால் கரைத்துக்கொண்டிருந்தார்கள். யோகமலர் வரமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டாள். அட்சயா வந்திருந்தாள். முன்வரிசையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தாள்.

மேடைக்குப் பின்னால் நிலாணி நின்றாள். பிறந்ததே நல்ல நிறம்; அதற்கு மேல் தாய் ஒரு ரின் நிறைய முகப்பவுடரைக் கொட்டியிருந்தாள். வெள்ளைப் பிறாக், வெள்ளைச் சப்பாத்து, வெள்ளை றிபன். பிள்ளை சுவரோடு சுவராக நின்றபோது கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன.

மிஸ் லோரெய்ன் வந்து பார்த்தார். "எவ்வளவு அழகு!" என்றார். "இவளுடைய குடும்பம் இத்தாலியோ?" பிறகு அங்கும் இங்கும் பார்த்து, "சரி, அந்த நிறமான பிள்ளை எப்போது வரும்?" என்று கேட்டார்.

தலைவருக்கு இந்தளவு ஆங்கிலம் போதும். முகம் இருண்டது. தன் தாய் வழியில் வந்த எலுமிச்சம்பழ நிறம் அந்த ஒரு நிமிடம் அவரைக் கைவிட்டது.

"வந்துகொண்டிருக்கு, மிஸ்," என்றார். அருள்நாயகத்தையும் மற்றவர்களையும் ஒரு மூலைக்கு இழுத்துப்போனார். நெருக்கடியில்தான் தலைவன் யார் என்று தெரியும். தலைவருக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. "அன்புராசா, ஓடிப்போய்க் குசினியிலை இருந்து அந்தச் சொக்கிலேற் பவுடர் ரின்னைக் கொண்டு வாரும். கொஞ்சம் தண்ணியும்."

அன்புராசா ரின்னோடு வந்தார். தலைவர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் குழைத்தார்.

எமில்டா பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "அண்ணை, அந்தப் படத்திலை ராசாவுக்கு முகத்திலை பூசினதுக்கெண்டுதானே நாங்கள் கண்டனம் அனுப்பினனாங்கள்?"

"அது கரி," என்றார் தலைவர். "இது சொக்கிலேற்."

இந்த நுட்பமான வேறுபாட்டை எமில்டாவால் கிரகிக்க முடியவில்லை. நிலாணியாலும் முடியவில்லை. தகப்பனின் கை கிட்ட வந்ததும், "நோ வே, டாட்! ஐ'ம் நொட் டூயிங் திஸ்!" என்று கத்திக்கொண்டு, வெள்ளை றிபனை உருவி எறிந்துவிட்டு, பக்கக் கதவால் பாய்ந்து ஓடிவிட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் பேரவை அமைந்த நாள் முதல் காணாத மகிழ்ச்சி.

"பிடியுங்கோ அவளை!" என்றார் தலைவர்.

அருள்நாயகம் பிடிக்கப் போகவில்லை. திரைச்சீலை இடுக்கால் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிர்ச்சட்டைக்குள் அட்சயா. அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தனக்கு இல்லை என்று போன அறிமுகத்தைப் பிள்ளை தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதையும் அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"ஒருத்தரையும் பிடிக்கத் தேவையில்லை, அண்ணை. என்ர பிள்ளை இருக்கிறா."

"அவவுக்கு நிறம்..."

"காணும்!" அவர் குரல் மண்டபம் வரைக்கும் கேட்டது. "என்ர பிள்ளை கறுப்பு! நல்ல கறுப்பு! தாயைப்போலக் கறுப்பு, என்னைப்போலக் கறுப்பு! பொது நிறமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மிஸ் கேட்ட நிறம் இதுதான். மொழிபெயர்ப்புப் பிழை என்ரதுதான். நான்தான் பிழை விட்டனான். போய்ச் சொல்லுங்கோ ஊருக்கு!"

ஊர் முழுக்க மண்டபத்திலேயே இருந்தபடியால் போய்ச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அட்சயா மேடை ஏறினாள். குளிர்ச்சட்டையைக் கழற்ற மறந்துவிட்டாள். அதுவே பனிக் கதைக்குப் பொருத்தமாகப் போயிற்று. ஒரு சின்னப் பெண் பனிக்குள் தனியே நிற்கிறாள் என்று தொடங்கியபோது, பொரிவிளாங்காய் உருண்டை கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயை மூடினார்கள். அவள் முடித்தபோது எழுந்த கைதட்டலில் மிஸ் லோரெய்ன் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு அவர் வடை சாப்பிட்டிருக்கவில்லை. பிறகு படம் ஓடியது. பேரவை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பயந்தார்கள், மணி அடித்ததும் கூவினார்கள். அட்சயா எல்லோருக்கும் முதல் அழுதாள்.

இத்துடன் கதையை முடித்தால் அருள்நாயகத்துக்குச் சிலை வைக்கலாம். ஆனால் அவர் அதோடு நிற்கிறவர் அல்லர். அந்தச் சாதனை தமிழ் மக்கள் அனைவரையும் சென்றடைய வேண்டாமா? மேடையில் அட்சயாவை எடுத்த புகைப்படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்துக்குத் தானே போனார். முதற்பக்கத்துக்குத் தலைப்பையும் தானே சொல்லிக் கொடுத்தார்: 'ஐரோப்பியத் திரையில் இல்லாத எங்கள் நிறம், ஸ்காபரோ மேடையில்!'

பத்திரிகைக்கார இளைஞன் படத்தை வாங்கி மேசையில் வைத்தான். அருள்நாயகம் கிளம்பினார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"தம்பி, படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாப் போட்டு விடும்."

"எவ்வளவு வெளிச்சம், அண்ணை?"

"சும்மா... பாக்க வடிவா இருக்கிற அளவுக்கு. நாலு பேர் பாக்கிறது."

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அருள்நாயகம் அன்புராசாவின் கடையில் ஒரு கட்டுப் பத்திரிகையை அள்ளிக்கொண்டு வந்து குசினி மேசையில் போட்டார். யோகமலர் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். மறுபடி பத்திரிகையைப் பார்த்தாள். அதை மேசையில் போட்டுவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அட்சயா மேசையில் எட்டிப் பார்த்தாள். தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கீழே தன் பெயரைக் கண்டுபிடித்துச் சந்தோசத்தில் துள்ளினாள். படத்தைப் பார்த்ததும் துள்ளல் நின்றது.

"அப்பா! என்ர பேரைப் போட்டிட்டு நிலாணியின்ர படத்தைப் போட்டிட்டாங்கள்!"

அருள்நாயகம் பத்திரிகைக் கட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அட்சயா ஓடிப்போய்ச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்துத் தகப்பனின் கையில் திணித்தாள்.

"கோல் பண்ணி கொம்ப்ளெயின் பண்ணுங்கோ, அப்பா. சும்மா விடாதையுங்கோ. உங்கடை பேரவை இதுக்குத்தானே இருக்குது?"